காண்டனீஸ் ஓப்பராவைத் தொழிலாக எடுக்க 14 வயதில் எங்கிருந்து தொடங்குவது?

செல்வி_பபேடான்

வணக்கம். எங்கள் தமிழ்ப் பள்ளியில் பாட்டும் கூத்தும் படிக்கும் ஒரு பெண்ணுக்காகக் கேட்கிறேன். அப்பா தமிழர், அம்மா காண்டனீஸ். வயது 14. வீட்டில் அம்மாச்சியோடு காண்டனீஸ் பேசுவாள், ஆனால் சீன எழுத்து கொஞ்சம்தான் தெரியும். பழைய ஒலிநாடாக்களைக் கேட்டே நாலைந்து பாட்டு பாடமாக்கியிருக்கிறாள். நல்ல குரல். காண்டனீஸ் ஓப்பராவில், அதாவது தென் சீனாவின் பாட்டு நாடகத்தில், நடிகையாக வேண்டும், பின்னால் அதையே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்கிறாள். வீட்டில் தடை இல்லை, வழிதான் தெரியவில்லை.

14 வயது பிந்திவிட்டதா? யாங்கோனில் இருந்துகொண்டே இப்போது என்ன பழகலாம்? பெயர் சொல்லும் வேடம் கிடைக்க எத்தனை வருடம் ஆகும்? ஆசிரியை ஆவதற்குத் தனியாக என்ன வேண்டும்? அவளுக்கு ராஜகுமாரன் வேடம்தான் பிடிக்கிறது. பெண்ணுக்கு அது கொடுப்பார்களா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

தாளக்கட்டை

செல்வி அக்கா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். தாராளமாகக் கொடுப்பார்கள். ஹாங்காங்கில் 1933 வரை ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் நடிக்க அனுமதி கிடையாது. ஆண் குழு தனி, பெண் குழு தனி. பெண் குழுவில் கதாநாயகனையும் பெண்தானே ஆட வேண்டும்? அந்த வழக்கம் தடை நீங்கிய பிறகும் நிலைத்துவிட்டது. யாம் கிம்-ஃபாய் (1913–1989) என்ற நடிகைக்குப் பெரும்பாலும் கதாநாயகன் வேடம்தான். பாக் சூட்-சின் அவருக்கு ஜோடி நாயகி. இன்றும் பெண்கள் ஆண் வேடம் கட்டுவது சர்வ சாதாரணம்.

வயது: 14 கொஞ்சம் பிந்தியதுதான். சீனாவில் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பள்ளியில் சேர்த்துக்கொள்வதற்குக் காரணம் குரல் இல்லை, இடுப்பும் முதுகும். அந்த வயதில் வளையும் உடம்பு பிறகு அவ்வளவு சுலபமாக வளையாது. இந்தக் கலையில் பாட்டு, அசைவு, வசனம், சண்டை என்று நான்கு திறமை. நல்ல குரல் இருக்கிறது என்பது அதில் ஒன்றுக்குத்தான் பதில். ஆகவே நாளைக்கே காலில் தொடங்கச் சொல்லுங்கள்.

பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, இடுப்பு உயரத்தில் உள்ள கம்பி அல்லது சுவர் விளிம்பில் குதிகாலை வைக்க வேண்டும். முழங்கால் மடங்கக் கூடாது, கால்விரல்கள் முகத்தைப் பார்த்து இழுபட்டிருக்க வேண்டும், முதுகு நேராக இருக்க வேண்டும். வளைவது இடுப்பிலிருந்து. ஒரு காலுக்கு ஐந்து நிமிடம். எல்லாரும் செய்யும் தப்பு முதுகைக் கூனி நெற்றியைக் காலில் தொட்டுவிடுவது. பார்க்க நன்றாக இருக்கும், தொடைத் தசை நீளாது. மாறாக இடுப்பு நோகும். அதன் பிறகு உதை: முன்னால் 30, பக்கவாட்டில் 30, இரு கால்களுக்கும். உயரம் வேண்டும் என்று நிற்கும் காலின் குதிகாலைத் தூக்கினால் அந்த உதை கணக்கில் சேராது. காலையில் எழுந்தவுடன் குளிர்ந்த உடம்போடு உதைத்தால் தொடைப் பின்தசை கிழியும், இரண்டு மாதம் போய்விடும்.

அடுத்து யூன் தோய், அதாவது மேடையை வட்டமாக ஓடி வருவது. நெடுந்தூரப் பயணம், துரத்தல், குதிரை ஓட்டம் எல்லாம் இந்த ஓட்டத்தில்தான் காட்டப்படும். முழங்கால் லேசாக மடங்கி, குதிகால் முதலில் படிந்து, சின்னச் சின்ன அடியாக வேகமாக ஓட வேண்டும். தோளும் தலையும் மேலும் கீழும் ஆடவே கூடாது. பெண் வேடத்துக்கு முழங்கால்களுக்கு நடுவே ஒரு தாளை வைத்து, அது விழாமல் ஓடப் பழக்குவார்கள். தினம் இருபது நிமிடம் போதும், ஆனால் தினம் வேண்டும்.

வேடங்களைப் பற்றி: 1930களிலிருந்து குழு ஆறு தூண்களைச் சுற்றி அமைகிறது. பாட்டும் சண்டையும் தெரிந்த நாயகன் (மன் மோ சாங்), முதல் நாயகி (ஃபா தான்), இரண்டாம் நாயகன், இரண்டாம் நாயகி, கோமாளி, முதியவரும் தளபதியுமாக வரும் ஆண் வேடம். உங்கள் மாணவி கேட்பது முதலாவது. ஆறிலும் சுமை அதிகம் அதற்குத்தான்.

படிப்பு முடிந்தவுடன் யாரும் ராஜகுமாரன் ஆவதில்லை. முதலில் கொடி பிடிக்கும் வீரன், பின்னால் நிற்கும் தோழி. பிறகு நான்கு வரி வசனம் உள்ள தூதன். அதற்குப் பிறகுதான் இரண்டாம் நாயகன். முதல் வேடத்துக்குப் பத்து ஆண்டு ஆவது அபூர்வமில்லை. கொடி பிடிக்கும் காலத்தை வீண் என்று நினைக்கிறவர்கள் இந்தத் தொழிலில் நிலைப்பதில்லை. எந்த மேள அடிக்கு உள்ளே வருவது, நாயகன் பாடும்போது அசையாமல் நிற்பது எப்படி, வரி மறந்த நடிகரை இன்னொருவர் எப்படிக் காப்பாற்றுகிறார் என்பதையெல்லாம் அங்கே நின்றுதான் பார்க்க முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹாங்காங்கில் கோயில் விழாவுக்கு மூங்கில் கொட்டகை போட்டு ஆடும் ஒப்பந்தம் வழக்கமாக நான்கு பகல், ஐந்து இரவு. இரவு ஆட்டம் ஒவ்வொன்றும் மூன்றரை, நான்கு மணி நேரம். இரவுக்கு இரவு வேறு நாடகம். வாத்தியங்களோடு முழு ஒத்திகை ஒன்று கிடைத்தாலே பெரிது. மனப்பாடம் இல்லாதவருக்கு அங்கே இடமில்லை.

சுரமும்_சொல்லும்

மேலே எழுதியவர் காலைச் சொல்லிவிட்டார். நான் பாட்டைச் சொல்கிறேன், ஏனென்றால் ஒலிநாடா கேட்டுப் பாடமாக்கியது என்ற இடத்தில் எனக்குக் கவலை வருகிறது.

ஓப்பராப் பாட்டு இரண்டு வகை. ஒன்று, மெட்டு முன்பே முடிவான சிறு பாட்டுகள். 1957இல் டாங் டிக்-சாங் எழுதி மேடையேறிய "தை நோய் ஃபா" நாடகத்தின் கடைசிக் காட்சிப் பாட்டு இந்த வகை; பழைய மெட்டுக்குச் சொல் இட்டது. புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லாரும் அதில்தான் தொடங்குவார்கள், ஒலிநாடாவிலும் அதுதான் அதிகம். மற்றது போங்ஜி, யீ-வோங் என்ற இரு பெரும் மெட்டு அமைப்புகள். இவற்றில் வரிக்கு ஏழு எழுத்தா பத்து எழுத்தா, எங்கே இடைவெளி, எந்தச் சுரத்தில் முடிய வேண்டும் என்ற சட்டகம் மட்டும்தான் தரப்பட்டிருக்கும். நடுவில் ராகம் எப்படிப் போக வேண்டும் என்பதைச் சொல்லின் தொனி தீர்மானிக்கிறது. முதல் வகையை மட்டும் நூறு பாட்டு பாடமாக்கினாலும் இரண்டாவது வராது. ஓப்பராவின் உயிர் இரண்டாவதில்தான் இருக்கிறது.

காண்டனீஸில் ஆறு தொனி. "மாய்" என்பதை அடியிலிருந்து ஏற்றிச் சொன்னால் வாங்குவது, அடியில் சமமாக நிறுத்தினால் விற்பது. பாட்டில் சுரம் தவறி விழுந்தால் கேட்பவருக்கு வேறு சொல்லாகிவிடும். பர்மியப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தொனி பிடிப்பது தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இருப்பதைவிட எளிது. ஆனால் வீட்டுப் பேச்சு போதாது. நாடக வரிகள் இலக்கிய நடையில் இருக்கும், ஒவ்வோர் எழுத்தையும் காண்டனீஸ் உச்சரிப்பில் வாசிக்கத் தெரிய வேண்டும். மாண்டரின் வகுப்பில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். எழுத்து வரும், உச்சரிப்பு கெடும். வாரம் இரண்டு பக்கம் அம்மாச்சியிடம் உரக்க வாசிக்கட்டும். ஒரு நுணுக்கம்: சில பழைய சடங்கு நாடகங்கள் இன்றும் காண்டனீஸில் இல்லை, பழைய மேடை மாண்டரினில்தான் இருக்கின்றன. அது பிறகு படிக்க வேண்டியது.

சுரம் எழுதும் முறை கோங்-சே. நம் பிள்ளைக்கு இது ஒரு வாரத்தில் வரும். சாங் = ச, சே = ரி, கோங் = க, ஃபான் = ம, லியூ = ப, வூ = த, யி = நி. கீழ்ப் பஞ்சமத்துக்கு ஹோ, கீழ்த் தைவதத்துக்கு சி. தாளத்தில் பலமான தட்டு பான், மெலிந்தது டிங். ஒரு பான் மூன்று டிங் என்றால் நான்கு எண்ணிக்கை. ஒரு பான் ஒரு டிங் என்றால் இரண்டு. எழுத்துகளின் ஓரத்தில் அடையாளமிட்டு எழுதுவார்கள். கையில் தட்டிக்கொண்டு பாடாத நாள் இருக்கக் கூடாது.

எல்லாரும் சிக்குகிற இடம் ஒன்று உண்டு. துயரக் காட்சிகளுக்கு யி-ஃபான் என்று ஒரு முறை. அதில் நி, ம இரண்டும் முக்கியமாக நிற்கும். அந்த நி கொஞ்சம் தாழ்ந்தது, ம கொஞ்சம் உயர்ந்தது. கீபோர்டில் அந்த இரண்டு சுரமும் கிடையாது. கீபோர்டை வைத்துப் பழகிய பிள்ளை துயரப் பாட்டைப் பாடினால் எல்லாம் சரியாக இருக்கும், துயரம் மட்டும் இருக்காது. ஹார்மோனியத்திலும் இதே கதை. காவ்-வூ என்ற உயர்சுருதிப் பிடிலின் பதிவையோ நல்ல பாடகர் பதிவையோ கேட்டுத்தான் அந்த இரண்டையும் காதில் ஏற்ற வேண்டும்.

குரல்: நாயகன் வேடத்துக்கு இயல்புக் குரல், நாயகிக்குக் கள்ளக் குரல். இரண்டும் ஒரே சுருதியில்தான் பாடப்படும், ஆனால் வரி முடியும் சுரங்கள் வேறு. இரண்டையும் அரை அரையாகப் பழகாமல் ஒன்றில் நிற்கட்டும். புகழ்பெற்ற பாடகியின் குரல் அசைவுகளை அப்படியே பிடிப்பதையும் இப்போது நிறுத்தச் சொல்லுங்கள். உதாரணமாக, ஹூங் சின்-நூய் என்ற பாடகியின் பாணி அவருடைய மூச்சுக்கும் உச்சக் குரலுக்கும் அமைந்தது. 14 வயதுத் தொண்டை அதைத் துரத்தினால் கரகரப்புதான் மிஞ்சும்.

செல்வி_பபேடான்

இருவருக்கும் நன்றி. கோங்-சே இவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகம். இங்கே ஓப்பரா மேளம் சொல்லித் தர ஆள் இல்லை, அதை விட்டுவிடலாமா? பள்ளி விழாவில் ஒரு சிறு காட்சிக்கு முழு ஒப்பனை போட்டுப் பார்க்கலாமா? உடை வாடகைக்குக் கிடைக்கும் போலிருக்கிறது.

தாளக்கட்டை

மேளத்தை விடவே கூடாது அக்கா. பர்மிய வாத்தியக் குழுவான சைங் வைங்கில் பட் வைங் என்ற வட்டமாக அடுக்கிய மேளங்களை அடிப்பவர் மற்ற வாத்தியங்களை நடத்துவது போல, ஓப்பராவில் மரக்கட்டையும் சிறு மேளமும் வைத்திருப்பவர்தான் மேடையையே நடத்துகிறார். பெரிய காங், சிங்கி அடிப்பவர்களுக்குக் கைச் சைகையால் சொல்வார். நடிகையின் ஒவ்வொரு அடியும் திரும்பலும் பார்வையும் ஓர் அடியில் விழுகிறது.

ஆள் இல்லாவிட்டாலும் வாயால் பழகலாம். நம் சொற்கட்டு போலவே இதற்கும் வாய்ச்சொல் உண்டு: "சா-டுக்-சாங்" என்பது ஹாங்காங்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாங் என்பது பெரிய காங், டுக் என்பது கட்டை. பதிவைப் போட்டு, பாட்டை விட்டுவிட்டு அடியை மட்டும் வாயால் சொல்லட்டும். முதலில் குவான் ஃபா என்ற தாளமில்லாத வரிக்கு முன்னால் வரும் அடிக்கோர்வை. அந்தக் கோர்வையின் முதல் அடியில் அசைவு தொடங்கி, கடைசி அடியில் உடம்பு முழுதும் நின்றுவிட வேண்டும். காங்கின் ஓசை அடங்கிய பிறகுதான் வாய் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் முதல் சொல் காங்கில் அமுங்கிவிடும். கொட்டகையில் பின்வரிசைக்காரருக்கு அந்த வரியே போச்சு.

பட்டுநூல்

ஒப்பனையைப் பற்றி. முகப்பூச்சு போட்டுப் பார்க்கலாம். தலைக்கட்டை இப்போது வேண்டாம்.

முகத்தில் எண்ணெய்ப் பூச்சு அடிப்படை, புருவத்துக்குக் கீழிருந்து கன்னம் வரை சிவப்பைத் தேய்த்துக் கரைப்பது, அதன் மேல் பவுடர் அழுத்துவது, பிறகு கண்ணும் புருவமும், கடைசியில் உதடு. யாங்கோன் வெயில் காலத்தில் பவுடரை அவசரமாக அழுத்தினால் அரை மணியில் சிவப்பு வழிந்து வெள்ளையில் கலந்துவிடும். மெல்லிய அடுக்காக இரண்டு தடவை அழுத்துவது நல்லது.

தலைக்கட்டு வேறு விஷயம். புருவமும் கண் ஓரமும் மேலே தூக்கி நிற்க ஒரு நாடாவால் நெற்றியை இறுக்கிக் கட்டி, அதன் மேல் நனைத்த கறுப்பு மெல்துணியைச் சுற்றுவார்கள். நனைந்த துணி காயக் காய இறுகும். கட்டும்போதே இறுக்கமாகத் தோன்றினால் ஒரு மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், சிலருக்கு வாந்தி. தளர்வாகக் கட்டினால் குனிந்து நிமிரும்போது கிரீடம் பின்னால் போகும். பழகிய நடிகர்களே சில நிமிடத்தில் தொடங்கி நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டித்தான் தாங்கப் பழகுகிறார்கள். கட்டத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைக்குச் செய்யாதீர்கள். முழு வயிற்றோடும் வேண்டாம்.

நாயகிக்கு நெற்றியில் ஒட்டும் முடிப்பட்டைகளுக்கு மரச்சீவலை இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த பசைதான் இன்றும் நல்லது. நம் மழைக்காலத்தில் அது காய நேரமாகும், கட்டாயம் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். உங்கள் மாணவிக்கு நாயகன் வேடம் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. பதிலாகத் தடித்த அடி வைத்த பூட்ஸ் உண்டு. இரண்டு மூன்று அங்குல அடி, வளையாது. விழாவுக்கு முந்தின நாள் போட்டுப் பார்த்தால் கணுக்கால் சுளுக்கும். ஒரு ஜோடி இப்போதே வாங்கி யூன் தோய் ஓட்டத்தில் பாதி நேரம் அதைப் போட்டுக்கொள்ளட்டும். வெள்ளைக் கைத்துணியும் வீட்டிலேயே தைக்கலாம்: மெல்லிய வெள்ளைத் துணி, சட்டைக் கையின் நுனியில் தொங்க வேண்டும். முதல் பயிற்சி வீசுவது இல்லை, மடித்து மணிக்கட்டில் திரும்பச் சேர்ப்பது. கையால் இழுக்காமல் மணிக்கட்டைச் சுண்டி மூன்று சுண்டலில் சேர வேண்டும்.

வாடகை உடையை வாங்கினால் ஒரு வேண்டுகோள். பூ வேலை செய்த பட்டுத் துணியை நனைக்கவே கூடாது, சாயம் ஓடும். உள்ளே பருத்திச் சட்டை கட்டாயம். வியர்வையை அது குடிக்க வேண்டும். கழற்றியவுடன் உட்புறத்தில் கடுமையான வெள்ளைச் சாராயத்தைத் தெளித்து நிழலில் ஆற விடுவார்கள், பூஞ்சை வராது. கைத்துணியை மட்டும் பிரித்துத் தனியாகத் துவைக்கலாம். தலையில் செருகும் ஃபெசன்ட் வால் இறகு ஆளுயரம் இருக்கும். மடித்து வைத்தால் முறிந்தது முறிந்ததுதான். நீளமான குழாயில் போட்டு வையுங்கள்.

வாசு_மாண்டலே

வயதைப் பற்றித் தாளக்கட்டை அண்ணன் சொன்னதில் ஒரு சின்ன மாறுபாடு. அவர் சொன்னது சீனப் பள்ளிகளின் வழி. ஹாங்காங் வழி வேறு. அங்கே அகாதமி ஃபார் பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸில் 2013 முதல் சீன ஓப்பராவில் பட்டப் படிப்பு இருக்கிறது. பள்ளிப்படிப்பு முடித்துத்தான் சேர முடியும், நேர்முகத் தேர்வில் பாட்டும் அசைவும் பார்ப்பார்கள். அந்த வழியில் இந்தப் பெண்ணுக்கு இன்னும் மூன்று நான்கு ஆண்டு கையில் இருக்கிறது. படித்து முடித்தவர்களுக்கு 2012இல் ஓப்பராவுக்காகப் புதுப்பித்துத் திறந்த பழைய யாவ் மா தே தியேட்டரில் இளைய நடிகர்களுக்கென்றே தொடர் மேடை உண்டு. மூத்த நடிகர்கள் பக்கத்தில் நின்று திருத்துவார்கள். 2019இல் ஷிச்சு சென்டர் என்ற ஓப்பரா அரங்கும் வந்தது. அதே சமயம் 1972 முதல் நடந்த நார்த் பாயிண்ட் சன்பீம் தியேட்டர் 2025இல் மூடிவிட்டது. மேடை கூடுகிறது என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது.

வருமானத்தை மறைக்காமல் பிள்ளையிடம் சொல்லுங்கள். நிரந்தரச் சம்பளம் உள்ள குழுக்கள் சீனாவில் அரசு சார்ந்தவை. ஹாங்காங்கில் குழு என்பது ஓர் ஒப்பந்தத்துக்காகக் கூடிப் பிரிவது. முதல் வேட நடிகர் தன் உடைப் பெட்டிகளைத் தானே வாங்க வேண்டும், உடுத்திவிடும் ஆளுக்கும் தானே கூலி கொடுக்க வேண்டும். பலருக்கு மாதச் செலவு நடப்பது வகுப்பு எடுத்துத்தான்: ஓய்வு நேரத்தில் பாடும் பெரியவர்கள், சங்கங்களின் பாட்டு வகுப்புகள், பள்ளிகள். ஆகவே நடிகை, ஆசிரியை என்று இரண்டு தொழில் இல்லை, அவள் கேட்பது ஒரே தொழில்தான்.

ஆனால் நல்ல நடிகர் எல்லாரும் நல்ல ஆசிரியர் ஆவதில்லை. காட்சியில் இருக்கும் எல்லா வேடமும் தெரிந்திருக்க வேண்டும். எதிர்வேடத்தின் கடைசி வரியைச் சரியான வேகத்தில் எடுத்துக் கொடுக்காவிட்டால் மாணவி எப்படிப் பிடிப்பாள்? மேளம் வாயில் ஓட வேண்டும். பாடம் எடுக்கும் வரிசை முக்கியம். முதலில் வரியை வசனமாகத் தொனியோடு வாசிப்பு. பிறகு சொல் இல்லாமல் கோங்-சே. பிறகு தட்டிக்கொண்டு சொல்லோடு பாட்டு. மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலில் குறித்துக்கொள்வது. அதற்கும் பிறகுதான் கையும் காலும். ஒரு வகுப்புக்கு எட்டு வரிக்கு மேல் போகக் கூடாது. அசைவை முன்னால் கொடுத்துவிட்டால் பிள்ளை அசைவுக்குத் தகுந்தபடி சொல்லை இழுத்துவிடும், அதைப் பிறகு திருத்துவது மிகக் கடினம்.

கரோக்கே இசையில் பழகுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதிவு யாருக்காகவும் காத்திருக்காது, பிள்ளை அதன் பின்னால் ஓடப் பழகும். மேடையில் நேர்மாறு. போங்ஜி, யீ-வோங் வரிகளில் முன்னால் போக வேண்டியவர் பாடுகிறவர்; தலைமைப் பிடில்காரர் அவரைத் தொடர்ந்து வருவார். கரோக்கேயில் வளர்ந்தவர் பிடிலுக்காகக் காத்திருப்பார், பிடில் அவருக்காகக் காத்திருக்கும், வரி தொங்கிவிடும். வாரத்தில் நான்கு நாள் பின்னணி எதுவும் இல்லாமல், தட்டிக்கொண்டு மட்டும் பாடட்டும்.

குருவிடம் சேர்வதற்கு ஒரு முறை இருக்கிறது. தேநீர் கொடுத்து வணங்கிச் சேர்வது. அப்படிச் சேர்ந்த பிறகு வேறொருவரிடம் படிக்க வேண்டுமானால் முதல் குருவிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். இதைத் தெரியாமல் இரண்டு பேரிடம் ஒரே நேரத்தில் போய் மனக்கசப்பு ஆவது சாதாரணம். மேடைப் பழக்கமும் அப்படித்தான். ஹாங்காங்கில் புதிய இடத்தில் கொட்டகை போட்டால் முதல் ஆட்டத்துக்கு முன் வெள்ளைப் புலிச் சடங்கு நடக்கும். பச்சைப் பன்றி இறைச்சியைப் புலி வேடத்தின் வாயில் கொடுத்துச் சங்கிலியால் கட்டுவார்கள். அது முடியும்வரை திரைக்குப் பின்னால் யாரும் வாய் பேசக் கூடாது. வெளியூர்ப் பிள்ளை இதையெல்லாம் முன்பே தெரிந்துகொண்டு போனால் மூத்தவர்கள் மனம் விட்டுச் சொல்லித் தருவார்கள்.

இப்போதைக்கு ஒரு காரியம் செய்யுங்கள் அக்கா. அவள் பத்தெழுத்து வரி இரண்டைப் பின்னணி இல்லாமல் தட்டிக்கொண்டு பாடி, அதே வரிகளை வசனமாகவும் ஒரு தடவை வாசித்துப் பதிவு செய்யட்டும். கூடவே முழங்கால் தெரியும்படி ஒரு நிமிட யூன் தோய் ஓட்டம். ஹாங்காங்கிலோ குவாங்சோவிலோ எந்த ஆசிரியரை அணுகினாலும் முதலில் கேட்பது இதைத்தான். ஒப்பனையோடு எடுத்த படம் வேண்டாம். ஒட்டிய உடுப்பு, கட்டிய தலைமுடி, வெறும் முகம் போதும்.